‘தி நேச்சுரல்’: ஒரு மட்டையும் இரண்டு பெட்டிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்னார்ட் மாலமுட் எழுதி 1952-இல் வெளிவந்த ‘தி நேச்சுரல்’ அவருடைய முதல் நாவல். அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டைப் பின்னணியாகக் கொண்டது. அதில் வரும் பொருட்களைப் பற்றி, குறிப்பாக அந்த மட்டையைப் பற்றி, நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வரலாம்.

பேஸ்பால் தெரியாத எனக்கு இந்த நாவல் புரியுமா?

புரியும். முதல் முறை படித்தபோது எனக்கும் அந்த ஆட்டத்தின் விதிகள் தெரியாது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு இரண்டு மூன்று செய்திகள் போதும். பந்தை எறிபவர் பிட்சர். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் மட்டையாளர் ஆட்டமிழக்கிறார். அதுதான் ஸ்ட்ரைக் அவுட். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தால் ஹோம் ரன்.

இன்னொன்றைச் சற்றுக் கவனமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் எந்தத் திசையிலும் அடிக்கலாம். பேஸ்பால் மைதானமோ விரித்த விசிறியைப் போன்றது. மட்டையாளர் நிற்பது விசிறியின் கைப்பிடியில். அங்கிருந்து ஒரு கோடு முதல் பேஸை (ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளில் முதலாவதை) நோக்கியும், இன்னொரு கோடு மூன்றாம் பேஸை நோக்கியும் போகின்றன. அவ்விரண்டுக்கும் நடுவில் விழும் பந்துதான் கணக்கில் சேரும். வெளியே போனால் ஃபவுல். மட்டை உடையும் இடத்துக்கு வரும்போது இந்த இரண்டு கோடுகளும் தேவைப்படும்.

கதை என்ன?

பத்தொன்பது வயது ராய் ஹாப்ஸ், சாம் சிம்ப்சன் என்ற குடிகார முகவருடன் சிகாகோவுக்கு ரயிலில் போகிறான். அங்கே ஒரு பெரிய அணியில் பிட்சராகச் சேரும் கனவு. வழியில், ஊர்த் திருவிழா ஒன்றில் பந்தயம் வைத்து, நாட்டின் தலைசிறந்த மட்டையாளரை மூன்றே பந்துகளில் வீழ்த்துகிறான். அதே ரயிலில் வந்த ஹாரியட் பேர்ட் என்ற பெண் சிகாகோ விடுதியில் அவனைத் தன் அறைக்கு அழைத்துச் சுடுகிறாள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை நாவல் சொல்லாமல் விடுகிறது. பிறகு முப்பத்து நான்கு வயதில் நியூயார்க் நைட்ஸ் என்ற கடைசி இடத்தில் கிடக்கும் அணியில் மட்டையாளனாக வந்து சேர்கிறான். அணியைத் தூக்கி நிறுத்துகிறான். மேலாளர் பாப் ஃபிஷரின் உறவுப் பெண் மெமோ மீது மோகம் கொள்கிறான். தன்னை உண்மையாக நேசிக்கும் ஐரிஸ் லெமனை விலக்குகிறான். தீர்மானிக்கும் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பதற்கு அணியின் பங்குதாரரான ஜட்ஜ் பேனரிடம் பணத்துக்கு ஒப்புக்கொள்கிறான். ஆட்டத்தின் நடுவே மனம் மாறுகிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

ஒரு பொருளைக் குறியீடு என்று எப்போது சொல்லலாம்?

எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் ‘இது அதைக் குறிக்கிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புறா என்றால் அமைதி, ரோஜா என்றால் காதல். அப்படிப் படித்தால் நாவல் விடுகதைப் புத்தகமாகிவிடும். என் அளவுகோல் வேறு. அந்தப் பொருள் கதைக்குள் முதலில் பொருளாகவே உழைக்க வேண்டும். அதற்கு எடை வேண்டும், அதைத் தொட்டவர் கை வேண்டும், அதனால் ஏதேனும் நடக்க வேண்டும். பொருளாக உழைத்த பிறகுதான் அது வேறொன்றையும் சுமக்கத் தொடங்கும்.

நமக்கு இது புதிதல்ல. கண்ணகியின் சிலம்பு முதலில் ஒரு வழக்கின் சான்றுப் பொருள். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்பதுதான் கேள்வி. உடைத்துக் காட்டினால்தான் விடை. நீதியைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அந்தப் பரல் தெறித்த பிறகுதான். மாலமுட்டின் மட்டையும் அப்படித்தான். முதலில் அது பந்தை அடிக்கிறது.

வொண்டர்பாய் என்ற மட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

ராய் சிறுவனாக இருந்தபோது, ஆற்றங்கரைக்கு அருகில் ஒரு மரத்தை மின்னல் பிளந்தது. அந்த மரத்துண்டு பிடித்துப்போய், அதை அவனே செதுக்கி மட்டையாக்கி, பெயரும் சூட்டுகிறான். கடையில் வாங்கியதில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை.

தொழில்முறை பேஸ்பாலில் மட்டை ஒரே மரத்துண்டால் ஆனதாக இருக்க வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது. அதிக நீளம் 42 அங்குலம். நாவல் எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலான மட்டைகள் ஆஷ் மரத்தில் கடைந்தவை. வீரர்கள் எலும்பால் மட்டையைத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் இழையை இறுக்குவார்கள். இப்படி இரவும் பகலும் தொட்டுப் பழகிய மரம் கையின் நீட்சியாகிவிடும். பெயர் வைப்பதும் வழக்கத்தில் உண்டு.

சங்க காலத்து மன்னர்கள் பகைவரின் காவல் மரத்தை வெட்டி, அதிலிருந்து முரசு செய்துகொண்டதை நாம் படித்திருக்கிறோம். மரத்தின் வலிமை முரசுக்குள் இறங்கிவிடுகிறது என்ற நம்பிக்கை. வொண்டர்பாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முரசுதான். மின்னல் இறங்கிய மரம், அதில் பிறந்த மட்டை. ஒரு வேறுபாடு: முரசு ஊருக்கே ஒலித்தது. ராயின் மட்டை ராய்க்கு மட்டும் உரியது. வேறொருவர் அதைத் தொடுவதைக்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

நாவலைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ராய் தன் கையால் செய்த பொருளை மட்டும் நம்புகிறான். பிறர் கையிலிருந்து வருபவற்றை, அது பூவோ கடிதமோ புத்திமதியோ, வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை.

மட்டையைப் பஸூன் பெட்டியில் ஏன் வைத்திருக்கிறான்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பஸூன் என்பது நான்கு அடிக்கு மேல் உயரமுள்ள நீண்ட மரக்குழல் வாத்தியம். நம் நாயனத்தைப் போல இரட்டைச் சீவாளி கொண்டது. அதைக் கழற்றி வைக்கும் பெட்டியில் மட்டையை வைத்துத் தூக்கிக்கொண்டு அலைகிறான் ராய். பார்ப்பவர்கள் இசைக் கலைஞன் என்று நினைக்கலாம். தன் திறமையை ஊர் பார்த்துவிடுமோ என்ற கூச்சமும், பார்த்தால் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சமும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. உலகிலேயே சிறந்த ஆட்டக்காரன் ஆவேன் என்று வாய்விட்டுச் சொல்பவன், அதற்கான கருவியை மட்டும் மறைத்து வைக்கிறான்.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்த ரயிலில் இன்னொரு பெட்டியும் பயணம் செய்கிறது. ஹாரியட் பேர்டின் கையில் பளபளக்கும் கறுப்புத் தொப்பிப் பெட்டி. அவளும் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறாள். ஒரே ரயிலில், சில அடி தூரத்தில், மூடிய இரண்டு பெட்டிகள். ஒன்றில் அவன் வாழ்வு. மற்றதோடு அவன் முடிவு வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அப்போது வாசகருக்கு முழுதாகத் தெரியாது. பெட்டி கனக்கிறது என்பது மட்டும் தெரியும்.

விடுதி அறையில் அவள் தொப்பியை எடுத்து அணிகிறாள், முகத்திரை தொங்குகிறது. இந்த ஆட்டத்தில் யாரும் எட்டாத உயரத்தை எட்டுவாயா என்று கேட்கிறாள். ஆம் என்கிறான். சுடுகிறாள். பாய்ந்து வரும் குண்டைப் பந்தைப் பிடிப்பது போல வெறுங்கையால் பிடிக்கப் பார்க்கிறான் ராய். அது நழுவி வயிற்றில் பாய்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தக் கைகளைக் கடந்து என்னால் உடனே அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்ததில்லை. பந்தைத் தவிர வேறெதையும் அறியாத கைகள் அவை.

வெள்ளிக் குண்டு எதற்கு? சாதாரணக் குண்டு போதாதா?

ரயிலில் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. ஒரு ஒலிம்பிக் வீரரும் ஒரு கால்பந்து வீரரும் வெள்ளிக் குண்டுகளால் சுடப்பட்டிருக்கிறார்கள். ஆகவே அவள் தற்செயலாக வெறி பிடித்தவள் அல்ல. சிறந்தவர்களைத் தேடிச் சுடுகிறாள். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில், சாதாரண ஆயுதத்துக்குச் சாகாத மாயப் பிறவிகளுக்குத்தான் வெள்ளிக் குண்டு. மாலமுட் அதை எடுத்து விளையாட்டு வீரனின் வயிற்றில் வைக்கும்போது, மக்கள் அவனை மனிதனுக்கு மேலாக வைத்திருக்கிறார்கள் என்பதும் சொல்லாமல் சொல்லப்படுகிறது.

பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1949 ஜூன் 14 அன்று, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் எடி வெயிட்கஸ், சிகாகோவின் எட்ஜ்வாட்டர் பீச் விடுதியில் பத்தொன்பது வயது ரசிகை ஒருத்தியால் சுடப்பட்டார். சீட்டு அனுப்பி அவரைத் தன் அறைக்கு வரவழைத்திருந்தாள். அவர் பிழைத்து, 1950-இல் மீண்டும் களமிறங்கினார். அந்த ஆண்டு அவருடைய அணி, அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு பெரும் பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் முதலிடத்தைப் பிடித்தது. நிஜத்தில் அது ஒரு சாதாரண ரைஃபிள். செய்தித்தாளில் இருந்த ரைஃபிளை எடுத்துவிட்டு வெள்ளிக் குண்டை வைத்த இடத்தில்தான் நாவலாசிரியரின் வேலை தெரிகிறது.

பந்தின் தோல் உரிந்து பறக்கும் காட்சி நம்பும்படியாக இல்லையே?

பாப் ஃபிஷர் ராயை முதல் முறை களத்துக்கு அனுப்பும்போது ‘பந்தின் தோலை உரித்துவிடு’ என்கிறார். வேகமாக அடி என்பதற்கு அந்த ஊர் வழக்கு. ராய் உண்மையாகவே உரித்துவிடுகிறான்.

பேஸ்பாலின் உள்ளே கார்க்கும் ரப்பரும் கொண்ட சிறு உருண்டை; அதன் மேல் கம்பளி நூலை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள்; வெளியே இரண்டு துண்டுத் தோல், சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல். அந்தக் காலத்தில் குதிரைத் தோல். 1974-இல்தான் மாட்டுத் தோலுக்கு மாறினார்கள். ஆகத் தோல் போனால் மிஞ்சுவது ஒரு நூற்கண்டு. நாவலில் அது அவிழ்ந்துகொண்டே மைதானத்தில் ஓடுகிறது. பிடிக்க வந்தவர்களுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. வானம் இடிக்கிறது; நெடுநாள் வறட்சிக்குப் பிறகு மழை கொட்டுகிறது.

நடக்கக்கூடியதா என்றால், இல்லை. ஆனால் பந்துக்குள் இருப்பது எல்லாம் உண்மையானவை என்பதால் பொய் உறுத்துவதில்லை. பேச்சு வழக்கில் தேய்ந்துபோன ஒரு சொற்றொடரை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டுகிறார் ஆசிரியர். புராணம் பிறப்பதும் இப்படித்தானே.

ஆர்தர் மன்னன் கதை தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் நட்டமில்லை. சுருக்கம் இதுதான். ஐரோப்பிய வீரக்கதை மரபில் ஃபிஷர் கிங் என்றொரு மன்னன் உண்டு. அவன் காயம் ஆறாதவரை நாடு வறண்டு கிடக்கும்; தூய வீரன் ஒருவன் வந்து புனிதக் கிண்ணத்தைத் தேடி அடைய வேண்டும். இங்கே மேலாளரின் பெயர் பாப் ஃபிஷர். கைகளில் புண், கட்டுத்துணி, புல் காய்ந்த மைதானம். அணியின் பெயர் நைட்ஸ், அதாவது வீரர்கள். தேடும் பொருள் சாம்பியன் கொடி. ராய் என்பது மன்னனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை நினைவூட்டும் பெயர். ராய் அடிக்கத் தொடங்கியதும் பாப்பின் கைப்புண் ஆறுகிறது.

வொண்டர்பாய் அந்தக் கதைகளின் மந்திர வாள். இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுச் சரிபார்ப்பதில் சிலருக்கு இன்பம். எனக்குப் பாப்பின் கட்டுப்போட்ட கைகளே போதும். தன் அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டு, தான் விவசாயி ஆகியிருக்கலாமே என்று புலம்பும் கிழவரின் கைகள் அவை.

மட்டை துவண்டுபோவதாக வரும் இடத்தைப் பாலியல் குறியீடாகப் படிக்கலாமா?

படிக்கலாம், பலர் படித்திருக்கிறார்கள், நாவலும் இடம் கொடுக்கிறது. மெமோவின் பின்னால் அலையும் காலத்தில்தான் அவன் ஆட்டம் சரிகிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்து நடப்பது கண்ணில் படாமல் போய்விடும்.

ஆட்டம் சரிந்ததும் பாப் வேறு மட்டையை எடுக்கச் சொல்கிறார். ராய் மறுக்கிறான். பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறான். அந்த நேரத்தில், மருத்துவமனையில் கிடக்கும் தன் மகனுக்காக ஒரு ஹோம் ரன் அடிக்க வேண்டும் என்று ஒரு தந்தை வந்து கெஞ்சுகிறார். (1926-இல் நோயுற்றிருந்த ஜானி சில்வெஸ்டர் என்ற சிறுவனுக்குப் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் இப்படி வாக்குக் கொடுத்தது அமெரிக்கர் அனைவருக்கும் தெரிந்த கதை. அந்தச் சிறுவனுக்கு வீரர்கள் கையெழுத்திட்ட பந்துகள் போய்ச் சேர்ந்தன.) ராய் இறங்கி வருகிறான். வொண்டர்பாய் இல்லாமலே ஆடுகிறேன் என்கிறான். அப்படிச் சொன்ன பிறகுதான் பாப் மனம் இளகி, உன் மட்டையையே எடுத்துக்கொள் என்று அனுப்புகிறார். நாவல் முழுவதிலும் ராய் தன் மட்டையை விட்டுக்கொடுக்க முன்வருவது இந்த ஒரு முறைதான். அதுவும் யாரோ ஒருவருடைய பிள்ளைக்காக. அன்று பந்து வேலியைத் தாண்டுகிறது.

ஐரிஸ் அணிந்திருக்கும் வெள்ளைப் பூ?

அதே ஆட்டத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் சிவப்பு உடையும் வெள்ளைப் பூவுமாகக் கூட்டத்தில் எழுந்து நிற்கிறாள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் நிற்கிறாள். அவன் மீது தனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று காட்டுவதற்காக. ஐரிஸ் என்பதே ஒரு பூவின் பெயர்தான்.

பூவைவிட அவள் எழுதிய கடிதம் எனக்கு முக்கியம். இள வயதில் ஏமாற்றப்பட்டுத் தாயானது, தனியே பெண்ணை வளர்த்தது, முப்பத்து மூன்று வயதிலேயே பாட்டியானது என்று தன் வாழ்வை அவள் மறைக்காமல் வைக்கிறாள். ராய் கடிதத்தைப் படித்துக்கொண்டு வருகிறான். பாட்டி என்ற இடத்துக்கு வந்ததும் கசக்கிச் சுவரில் எறிகிறான். பிட்சராகத் தொடங்கியவனின் கை கடைசியில் எறிவது இந்தக் காகிதப் பந்தைத்தான். மெமோ தன்னை எதற்குள்ளோ மூடி வைத்திருக்கிறாள், அவளைத் துரத்துகிறான். ஐரிஸ் திறந்து காட்டுகிறாள்; அவளிடமிருந்து ஓடுகிறான்.

ஜட்ஜின் இருட்டறை, சூதாட்டக்காரர் கஸ் சாண்ட்ஸின் கண்ணாடிக் கண் ஆகியவை?

இவை சற்று வெளிப்படையான குறியீடுகள். ஒருவர் விளக்கேற்றாத கோபுர அறையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார். இன்னொருவருக்கு ஒரு கண் கண்ணாடி. தீயவர்கள் பார்வையற்றவர்கள் என்று ஆசிரியர் நம் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். மட்டையிலும் பெட்டியிலும் காட்டிய நிதானம் இங்கே இல்லை.

மட்டை ஏன் அந்தத் தருணத்தில் உடைகிறது?

ராய் பணம் வாங்க ஒப்புக்கொண்டு களத்தில் நிற்கிறான். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒட்டோ ஜிப் என்பவன் வழக்கம்போல் ஊதுகுழலை ஊதிக் கேலி செய்கிறான். ராய் வேண்டுமென்றே அவனைக் குறிபார்த்து ஃபவுல் அடிக்கிறான். ஒரு பந்து அவன் தலையில் பட்டுத் தெறித்து ஐரிஸைக் காயப்படுத்துகிறது. அவளிடம் ஓடுகிறான். தன் வயிற்றில் அவன் குழந்தை வளர்வதை அவள் சொல்கிறாள். ஜெயித்துத் தீர வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது. திரும்பி வந்து முழு வலிமையோடு வீசுகிறான். இடி முழங்கியது போல ஓர் ஓசை, பந்து ஃபவுலாகிறது, வொண்டர்பாய் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு பாதி முதல் பேஸை நோக்கியும் மறுபாதி மூன்றாம் பேஸை நோக்கியும்.

முதல் கேள்வியில் சொன்ன கோடுகளை இப்போது நினைத்துப் பாருங்கள். பிளந்த பாதிகள் காட்டும் திசைகள் அந்த இரண்டு கோடுகளின் திசைகளே. நேர்மையான ஆட்டத்துக்கும் ஃபவுலுக்கும் இடைப்பட்ட எல்லைகளைச் செத்துக் கிடக்கும் மட்டை சுட்டிக்காட்டுகிறது. ஆங்கிலத்தில் ஃபவுல் என்ற சொல்லுக்கு முறைகேடு, அழுக்கு என்றும் பொருள் உண்டு. மாலமுட் இதை எங்கும் விளக்கவில்லை. ஒரே வாக்கியத்தில் மட்டை கிடக்கும் விதத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மரத்தின் தன்மையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆஷ் போன்ற மரங்களின் இழை நீளவாக்கில் ஓடும். அதனால்தான் மட்டையின் முத்திரை மேலே பார்க்கும்படி பிடிக்கச் சொல்வார்கள்; அப்போது பந்து இழைகளின் ஓரத்தில் படும். தவறான பக்கம் பட்டுக்கொண்டே இருந்தால் இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். மின்னல் ஒரு முறை பிளந்த மரம் மறுபடியும் பிளக்கிறது.

கடைசி வாய்ப்பில் யாருடையதோ ஒரு மட்டையோடு வந்து, யங்பெரி என்ற இளம் பிட்சரிடம் ராய் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறான். ரயிலை விட்டிறங்கி அவன் வீழ்த்திய பெரிய வீரர் நின்ற இடத்தில் இப்போது அவன் நிற்கிறான்.

படம் பார்த்தேன். அதில் அவன் ஜெயிக்கிறானே?

1984-இல் பேரி லெவின்சன் இயக்கத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்து வந்த படம் முடிவை மாற்றிவிட்டது. அங்கும் வொண்டர்பாய் உடைகிறது. ஆனால் மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் சிறுவன் ராயின் உதவியோடு செய்த இன்னொரு மட்டையைத் தருகிறான்; அதில் அடித்த பந்து மைதான விளக்குகளை உடைத்துத் தீப்பொறி மழையாகப் பொழிகிறது. கண்ணுக்கு இனிய காட்சி, நானும் ரசித்தேன். பிறர் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ராய் அவன். நாவலின் ராய் அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. இரண்டும் வேறு வேறு மனிதர்களைப் பற்றிய கதைகள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுவன் ‘இது உண்மையில்லை என்று சொல்’ என்கிறானே, அது எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கப் பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1919-இல், சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. எட்டுப் பேருக்கு 1921-இல் வாழ்நாள் தடை. அவர்களில் ஒருவர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன். நீதிமன்ற வாசலில் ஒரு சிறுவன் அவரிடம் இப்படிக் கெஞ்சியதாக அமெரிக்காவில் ஒரு கதை வழங்குகிறது. ஜாக்சனும் தன் மட்டைக்குப் பெயர் வைத்திருந்தார்: பிளாக் பெட்ஸி. புகையிலைச் சாறு ஏற்றிக் கறுப்பாக்கிய மட்டை. மனிதர் தடையோடு இறந்துபோனார். மட்டை 2001-இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இதே போலப் பொருளைச் சுற்றி எழுதப்பட்ட வேறு நாவல் உண்டா?

டான் டெலிலோவின் ‘அண்டர்வேர்ல்ட்’ (1997). 1951 அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் அடித்த புகழ்பெற்ற ஹோம் ரன் பந்து நிஜத்தில் காணாமல் போனது. நாவல் அதை ஒவ்வொரு கையாகத் தொடர்ந்து போகிறது. பேஸ்பால் நாவல் இல்லாவிட்டாலும், ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலில் கதைசொல்லியின் இறந்துபோன தம்பியுடைய பேஸ்பால் கையுறையையும் சேர்த்துக்கொள்வேன். பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக அந்தச் சிறுவன் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்திருந்த கையுறை.

இந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

மட்டையைப் புதைக்கும் காட்சியில் தொடங்குங்கள். ‘மட்டை என்பது வீரத்தின் குறியீடு’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடாதீர்கள். அந்தக் காட்சியில் கைகள் என்ன செய்கின்றன என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்து இரவாகிவிட்டது. ராய் மட்டையின் இரண்டு பாதிகளையும் இடதுபுற மைதானத்துக்கு, தான் தினமும் காவல் நின்ற இடத்துக்கு எடுத்துப் போகிறான். பேனாக்கத்தியால் புல்லை நீள்சதுரமாக வெட்டி எடுக்கிறான். காய்ந்த மண்ணைக் கையால் தோண்டி, குழியின் பக்கங்களை அழுத்தி இறுக்குகிறான். மட்டையை உள்ளே வைக்கிறான். இரண்டாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெளியே எடுத்து, ஒட்டிக்கொள்ளாதா என்று இரு பாதிகளையும் சேர்த்து அழுத்துகிறான். பிளவு அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, ஒட்டவில்லை. காலணிக் கயிறுகளை அவிழ்க்கிறான். ஒன்றைக் கைப்பிடியில் சுற்றுகிறான், மற்றதை அடிப்பாகத்தில் கட்டுகிறான். இப்போது முழு மட்டை போலத் தெரிகிறது. அப்படியே புதைக்கிறான். வேர்விட்டு மரமாக வேண்டும் என்று மனத்தில் ஓர் ஆசை.

மண்ணை மூடி, வெட்டிய புல்லை மேலே பொருத்தி, கயிறு கட்டாத காலணியோடு மிதிக்க முடியாது என்பதால் காலுறையோடு நின்று மிதித்துக் கெட்டிப்படுத்துகிறான். திரும்பி வரும் வழியில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. புதைத்த இடத்தில் தெளிக்கச் சிறிது தண்ணீர் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறான். அங்கே போய்ச் சேர்வதற்குள் விரலிடுக்கில் ஒழுகிவிடும். இருட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதும் நிச்சயமில்லை. படியிறங்கிப் போய்விடுகிறான்.